அவன்கிட்ட சொல்லு

"செத்துப்போச்சு" என்றான் தாடி, ஏணி உச்சியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை காலை. லென்ஸ் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. கூரைப் பலகை ஒன்றைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தான் தாடி. கீழே நின்றவர்களுக்கு அவனுடைய இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. அந்தப் பாதி உடம்பே பயந்துபோயிருந்தது.

"எது செத்துப்போச்சு?" என்றாள் வாலு.

"உன் சின்னண்ணன் செஞ்சு வச்ச டப்பா. லேப்டாப்ப மாட்டிப் பாத்துட்டேன். பாஸ்வேர்டு கேக்குது."

வாலு ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தாள்.

வாலு அந்த வீட்டின் கடைக்குட்டி. கல்லூரியில் கடைசி வருடம். சொந்தப் பெயரை வாத்தியார்கள் மட்டும்தான் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே அவள் வாலுதான். ப்ராஜெக்டுக்காக ஏதாவதொரு கம்பெனியின் பழைய நெட்வொர்க்கைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும் என்று கல்லூரி சொன்னபோது, "எங்க கம்பெனியே இருக்கே" என்று இவள்தான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினாள். அப்பா தொடங்கியது. இப்போது பெரியண்ணன் நடத்துவது. கண்ணாடிக் கடைகளிலிருந்து ஆர்டர் வரும்: இன்னாருக்கு வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு. அதன்படி மெஷின் லென்ஸை அரைத்துக் கொடுக்கும்.

குழுவில் அவளோடு இரண்டு பேர். ஒருவன் தாடி. இன்னொருத்தி, பக்கத்தில் உட்கார்ந்தாலும் குரல் கேட்காத ஒரு பெண். அதனாலேயே அவளுக்கு மைக்செட் என்று பெயர்.

கம்பெனியில் ஆபீஸ், மெஷின், வந்துபோகிறவர்களின் செல்போன் எல்லாம் இதுவரை ஒரே வழியில் முண்டியடித்துக்கொண்டிருந்தன. இன்று அவற்றைத் தனித்தனிப் பாதையாகப் பிரிக்க வேண்டும். நெட்வொர்க் வயர்களையெல்லாம் இணைக்கிற பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. ஆபீஸ் ஓடியது. பிரின்டர் ஓடியது. கைதட்டக்கூடச் செய்தார்கள். அரைக்கிற மெஷின் மட்டும் ஆர்டருக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

கடைகள் அனுப்புகிற ஆர்டரை மெஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுப்பது அந்த டப்பாதான். கையகலச் சின்னக் கம்ப்யூட்டர். வாலு பழைய கரண்ட் லைனைத் துண்டித்தபோது அதுவும் அணைந்து, திரும்ப எழுந்து, யார் நீ என்று கேட்கிறது.

"பழையபடியே மாட்டிடலாமா?" என்றாள்.

"மாட்டிப் பாத்தாச்சு. அப்பவும் பாஸ்வேர்டுதான் கேக்குது."

"என்ன ஆச்சு?" என்றபடி பெரியண்ணன் வந்தார். சொன்னார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி வண்டி வரும். கண் ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைங்களோட லென்ஸ் அத்தனையும் இன்னும் அரைக்காம கிடக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணா."

"உங்க வாத்தியாரும் நாளைக்குத்தானே வர்றார்? வந்து எதப் பாப்பார்? இந்த ஏணியவா?"

வாலு மெதுவாக, "ஒருத்தருக்குத்தான் பாஸ்வேர்டு..." என்று ஆரம்பித்தாள்.

"எவனையும் கூப்பிடக்கூடாது." அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க கெடுத்தீங்க. நீங்களே சரி பண்ணுங்க."

ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் இப்படித்தான். கம்பெனியின் ஆர்டர் விவரமெல்லாம் போட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கு என்ன லென்ஸ், எந்தக் கடை எதைக் கேட்டது என்று இங்கே வருவதற்குள் அங்கே தெரிந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தேடிப் பார்த்ததில் வெளியிலிருந்து உள்ளே நுழைந்து ஆர்டர்களைத் திறந்த பெயர் சின்னண்ணனுடையதாக இருந்தது. "நான் இல்லப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னான். "வெளியே போடா" என்றார் அப்பா. பெரியண்ணன் வாயே திறக்கவில்லை. சின்னண்ணன் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டான். அந்தப் பெயரை நீக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

வாலு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

*

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மேஜை முழுக்கக் குடலைத் திறந்து போட்ட லேப்டாப்புகள். சின்னண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூ ஒன்றை இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் ஸ்க்ரூ விழுந்து உருண்டது.

"வீட்ல யாருக்காவது உடம்பு..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க. டப்பாதான் செத்துப்போச்சு."

அவன் கீழே குனிந்து ஸ்க்ரூவைத் தேடினான். தேடுகிற சாக்கில் முகத்தை மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"யார் கரண்ட கட் பண்ணது?"

"நான்தான்."

"தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக்கூடாது?"

"கேக்கறதுக்கு நீ அங்க இல்லையே."

அவன் நிமிர்ந்தான்.

"அண்ணன் அனுப்பிச்சாரா?" என்றான்.

"இல்ல. எவனையும் கூப்பிடாதேன்னுதான் சொன்னார்."

"அப்புறம் ஏன் வந்த?"

"எவனையும்னுதானே சொன்னார். உன்னைன்னு சொல்லலையே."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. உடனே அதை விழுங்கிக்கொண்டான். "பாஸ்வேர்டு மட்டும் குடுத்தா பத்தாது. எழுப்பினதும் ஒவ்வொரு வயரா சரிபார்க்கணும். நேர்லதான் பண்ண முடியும்." ஒரு துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "அப்பா அங்க இருக்காரா?"

"வீட்ல இருக்கார். கம்பெனிக்கு வர்றதையே விட்டுட்டார்."

"சரி, வா. வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவேன். உக்காரு, நில்லுன்னு யாரும் சொல்லக்கூடாது."

*

பெரியண்ணன் மெஷின் அறை வாசலில் நின்றார். தம்பியைப் பார்த்தார். பார்வையைச் சுவருக்குத் திருப்பினார். கோபித்துக்கொண்டு விரட்டிவிடுவாரோ என்று வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லு" என்றார் அவளிடம். "செருப்பக் கழட்டிட்டு வரணும்."

அவன் இரண்டடி தூரத்தில்தான் நின்றான்.

"முதலாளிகிட்ட சொல்லு" என்றான் அவனும் அவளிடம். "செருப்பு போடக்கூடாதுன்னு இங்க போர்டு எழுதி மாட்டினதே நான்தான்."

தாடி கூரையைப் பார்த்தான். மைக்செட் லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சின்னண்ணன் ஏணியில் ஏறினான். டப்பாவில் கீபோர்டை மாட்டித் தட்டினான். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கீழே வயர் அலமாரியில் எந்த வயர் எங்கே போகிறதென்று எதிலும் எழுதவில்லை. அன்றைக்கு அதைப் போட்டவர்கள் அண்ணனும் தம்பியும்தான். கூரைப் பக்கம் தம்பிக்குத் தெரியும், அலமாரிப் பக்கம் அண்ணனுக்கு. ஆளுக்குப் பாதி.

"அவன்கிட்ட சொல்லு, நீல வயர் எங்கிட்ட வந்துருச்சு."

"சின்னண்ணா, நீல வயர் வந்துருச்சாம்."

"முதலாளிகிட்ட சொல்லு, அது ரெண்டாவது ஓட்டை."

"அண்ணா, ரெண்டாவது ஓட்டையாம்."

"அவன்கிட்ட சொல்லு, எனக்குக் காது இருக்குன்னு."

"சின்னண்ணா, அவருக்குக் காது இருக்காம்."

கிளிப்பிள்ளை மாதிரி அங்கும் இங்கும் திரும்பித் திரும்பி வாலுவுக்குக் கழுத்து வலித்தது. சாப்பாட்டுப் பை பிரிக்காமலே ஓரத்தில் கிடந்தது. அண்ணி கட்டி அனுப்பியது. கம்பெனி விஷயம் எதிலும் தலையிடாதவள். டிவி ரிமோட்டைக்கூட, "இதுல எதை அமுக்கணும்?" என்று வாலுவிடம்தான் நீட்டுவாள். ஆனால் இந்தக் குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியது. மெஷினின் கழிவுத் தொட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாய், யாரோ நகர்த்தியதில் கழன்றிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. லென்ஸ் அரைத்த தூள் கலந்த வெள்ளைத் தண்ணீர் தரையோடு தரையாக அலமாரியை நோக்கிப் போனது. அங்கே கீழே ஒரு ப்ளக் பலகை கிடந்தது. பெரியண்ணன் கடைசி வயரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, இரும்புக் கதவை நோக்கிக் கையை நீட்டினார்.

"அண்ணா! கைய எடுங்க! தண்ணி!"

ஏணி உச்சியிலிருந்து வந்த குரலில் அறையே அதிர்ந்தது. பெரியண்ணன் அப்படியே நின்றார். ஈரம் அவர் விரல் நுனிக்கு வந்திருந்தது. தாடி பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தான். சின்னண்ணன் ஏணியிலிருந்து எப்படி இறங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உலர்ந்த இடத்தில் நின்றான்.

பெரியண்ணன் தம்பி பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன்டா இந்தக் கத்து கத்தற?"

"பின்ன? வாலுகிட்ட சொல்லி அனுப்பவா?"

மைக்செட் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம் தூது தேவைப்படவில்லை. பேசியது என்னவோ வயரும் நம்பரும்தான். ஆனாலும் நேருக்கு நேர் பேசினார்கள். தண்ணீரைத் துடைத்துக் குழாயை இறுக்கினார்கள். ஆஸ்பத்திரி ஆர்டர் ஒன்றை அனுப்பியதும் மெஷின் ஒரு முனகு முனகிவிட்டுச் சுழன்றது. நீர் பீய்ச்சியது. வெளியே வந்த லென்ஸைப் பெரியண்ணன் துடைத்து, அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

தாடி வாலுவைத் தூக்காத குறையாகக் குதித்தான். வாலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழைய ரூட்டர் ஒன்றுதான் பாக்கி. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான பழைய வாசல் அது. அதன் வயரைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் வயரில் கை வைத்தாள்.

மைக்செட் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"என்னடி?"

"பிடுங்காதேன்னு சொன்னேன்." மைக்செட்டின் முகம் வெளுத்திருந்தது. கழற்றுகிற வழியை யாராவது இன்னும் உபயோகிக்கிறார்களா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. "வெளியிலேருந்து யாரோ உள்ள இருக்காங்க. இப்போ. ஆர்டர ஒண்ணொண்ணா திறந்து பாக்கறாங்க."

"என்ன பேர்ல?" என்றார் பெரியண்ணன்.

அவள் சின்னண்ணனைப் பார்த்தாள். "இவங்க பேர்ல."

சின்னண்ணனின் இரண்டு கையிலும் ஈரத்துணி இருந்தது. திரையில் அவன் பெயர் ஓர் ஆர்டரை மூடி அடுத்ததைத் திறந்தது.

பெரியண்ணன் திரையைப் பார்த்தார். தம்பியின் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடுங்கு வாலு" என்றார் கடைசியில். "உடனே பிடுங்கு. இன்னும் எத்தனைய எடுத்துட்டுப் போகணும்?"

"தொடாதே!" என்றான் சின்னண்ணன். "இப்பப் பிடுங்கினா யாருன்னு என்னைக்குமே தெரியாது. நான் ஒரு வருஷமா சுமந்துட்டிருக்கேன். இன்னும் ரெண்டு நிமிஷம் சுமக்கறேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். குழுவுக்குத் தலைவி அவள்தான். வயர் அவள் விரலுக்கிடையில் இருந்தது. வாலு கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கிருந்து வருதுன்னு பாரு" என்றாள் மைக்செட்டிடம்.

ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. மைக்செட் அதைக் கண்டுபிடித்துப் பெரிய எழுத்தில் காட்டினாள். வேறு யாருக்கும் அது வெறும் எண். வாலுவுக்கு அது தலைகீழாகத் தெரிந்த எண். பழகிப் பார்ப்பதற்காகப் போன மாதம் அவளே உட்கார்ந்து சரிசெய்த இணைப்பு.

"நம்ம வீடு" என்றாள்.

மைக்செட் அந்த எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தாள்.

"வீட்ல இப்ப யார் இருக்கா?" என்றான் தாடி, கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"அப்பாவும் அவளும்தான்" என்றார் பெரியண்ணன். "அவளுக்கு ரிமோட்டே பிடிக்கத் தெரியாது." அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்னண்ணன் கசப்பாகச் சிரித்தான். "வெளியே போடான்னு சொன்னவரே..."

"உன் பாஸ்வேர்டு வேற யாருக்குடா தெரியும்? அப்பாகிட்ட எப்பவாவது சொன்னியா?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ..." என்றவன் நிறுத்தினான். அவன் முகத்தில் என்னவோ மாறியது. ஈரத்துணியை மேஜைமேல் வைத்தான்.

"ஒரு தடவ? யார்கிட்ட?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் இருமல் சத்தம் கேட்டது.

அப்பா நின்றார். நடந்து வந்த களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். செருப்பை வெளியிலேயே கழற்றியிருந்தார்.

"சின்னவன் வந்திருக்கான்னு வாட்ச்மேன் போன் பண்ணான்" என்றார். பேச்சு தடுமாறியது. "போயிடுவானோன்னு... நானே வந்துட்டேன்."

வாலு அப்பாவைப் பார்த்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். சின்னண்ணனின் பெயர் அடுத்த ஆர்டரைத் திறந்தது.

அப்பா இங்கே இருக்கிறார். வீட்டிலிருந்து அது இன்னும் நகர்கிறது.

"வாலு" என்றான் சின்னண்ணன். அவசரமாக, அடிக்குரலில். "போதும். பிடுங்கிடு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்றுமுன் தொடாதே என்றவன் இவன்தானா? அவன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏணியிலிருந்து கத்தினானே, அப்போது இருந்த அதே முகத்தோடு. வாலுவுக்குப் புரிந்தது. யாரிடம் அந்த ஒரு தடவை சொன்னான் என்பதும், இப்போது யாரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்பதும்.

அவள் கை வயரை நோக்கிப் போனது.

"தொடாதே" என்றார் பெரியண்ணன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு பெயரை அமுக்கினார். அறையின் அமைதியில் மணி அடிப்பது எல்லாருக்கும் கேட்டது.

திரையில் சின்னண்ணனின் பெயர் நகராமல் நின்றது. திறந்த ஆர்டர் திறந்தபடியே இருந்தது.

"சொல்லுங்க" என்றாள் அண்ணி. எப்போதும் போன்ற குரல்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"துணி மடிச்சிட்டிருக்கேன். ஏன், பசங்களுக்கு டீ போட்டுக் குடுத்தனுப்பவா?"

பெரியண்ணன் திரையைப் பார்த்தார். "வேணாம்" என்றார். "சும்மாதான் கூப்பிட்டேன்."

போனை வைத்தார்.

"ஏன்டா எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க?" என்றார் அப்பா. "என்னன்னு யாராவது சொல்லுங்களேன்டா."

மைக்செட் லேப்டாப்பை மெல்ல மூடப் போனாள். பெரியண்ணன் அதன்மேல் கை வைத்துத் தடுத்தார்.

திறந்திருந்த ஆர்டர் மூடியது. அடுத்தது திறந்தது.